பேசும் பொறியும் அலன் ரூறிங்கும்

இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதத்தை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் நாவலர் பெருமானையோ விபுலாநந்த அடிகளையோ தெரிந்தெடுப்போம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அப்பெருமக்களின் வரலாறு எமது மாணவர்க்கு வகுப்பறையிலேயே கிடைக்கின்றது. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டவர் ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் அலன் மதிசன் ரூறிங். தமிழாசிரியருக்கும் கணித அறிஞருக்கும் என்ன உறவு என்று வினவும் பழைய மாணவர்க்கு, முதற்கண் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டிலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு கட்டுரையை ஒப்புவித்தான். சந்திப் பிழை இல்லை. ஒருமை பன்மை மயக்கம் இல்லை. எடுத்துக்காட்டுகளும் இடமறிந்து அமைந்திருந்தன. படித்து முடித்த யாம் புள்ளி இடாது அவனை அழைத்து, இதனை எழுதியவர் யார் என்று கேட்டோம். மாணவன் நல்லவன், மறைக்கவில்லை. கணினியிலே கேட்டதற்கு விடையிறுக்கும் சட்பொட் ஒன்றினிடம் தலைப்பைக் கொடுத்து எழுதுவித்ததாக ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட கையோடு, எதனைக் கொண்டு அதனைப் பொறியின் எழுத்து என்று கண்டீர்கள் என எம்மையே திருப்பிக் கேட்டான். அவனுடைய கொப்பிகளிலே பத்து வரிக்கு ஒருமுறை தலைகாட்டும் ளகர ழகர மயக்கம் இக்கட்டுரையில் இல்லை என்று கூறிச் சமாளித்தோமாயினும், அவ்விடை எமக்கே நிறைவு தரவில்லை. பிழைதான் மனிதனுக்கு அடையாளம் என்று ஓர் ஆசிரியன் சொல்லலாமா? எழுத்தை மாத்திரம் பார்த்து, எழுதியது ஆளா பொறியா என்று துணிதல் இயலுமா என்னும் இவ்வினாவை 1950 ஆம் ஆண்டிலே முறைப்பட எழுப்பியவர் ரூறிங். அன்று தொடங்கி அவர் சரிதத்தைத் தேடிப் படித்தோம்.

பொட் என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோபொட் என்பதன் முதற்குறை அது. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லினின்றும் பிறந்தது ரோபொட். இரும்பாலான உடம்பு இன்றி, மென்பொருளாகவே கணினியினுள் இருந்துகொண்டு இட்ட பணியைச் செய்யும் ஏவலாளுக்குப் பொட் என்பது இக்காலத்து வழக்கு. வலைப்பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துத் தேடுபொறிக்குப் பட்டியல் செய்வது ஒருவகைப் பொட். விக்கிப்பீடியாவிலே விஷமிகள் செய்யும் சேதத்தைக் கண்டு நீக்குவது மற்றொன்று. நுழைவுச் சீட்டுக்களை மனிதர் கை வைக்குமுன் வாரிக்கொள்ளும் தீய இனமும் உண்டு. வங்கியிலும் வணிக நிலையத்திலும் எமது ஐயங்களுக்கு இரவு பகல் பாராது விடையிறுப்பது சட்பொட். ஏவியதைச் செய்தல், ஆளோடு பேசுதல் என்னும் இவ்விரு தொழிற்கும் அடிப்படையான எண்ணங்களை, இச்சொற்கள் பிறப்பதற்கு முன்னரே ஒருவர் எண்ணி எழுதி வைத்தார் என்பதே வியப்பு.

ரூறிங் 1912 ஆம் ஆண்டு யூன் 23 இல் இலண்டன் மாநகரிலே பிறந்தார். ஆயினும் அவர் குடும்பத்தின் வேர் தமிழ் மண்ணிலும் படர்ந்திருந்தது. தந்தையார் யூலியஸ் ரூறிங் சென்னை மாகாணத்திலே இந்திய ஆட்சிச் சேவை உத்தியோகத்தர். தாயார் சாரா அம்மையார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881 இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஸ்ரோனி என்பார் சென்னை இரயில்வேயின் பிரதம பொறியியலாளர். மூத்த புதல்வர் யோன் பிறந்ததும் நீலகிரிக் குன்னூரிலேயே. இந்தியாவின் வெப்பமும் நோயும் குழந்தைகளுக்கு ஆகா என்று கருதிய பெற்றோர், புதல்வர் இருவரையும் இங்கிலாந்திலே ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரின் இல்லத்தில் விட்டுத் தாம் கடல் கடந்து சென்றனர். தாயும் தந்தையும் விடுமுறைக்கு வந்து போகும் விருந்தினராகவே அச்சிறுவர்க்கு இருந்தனர்.

1926 இல் சேர்போண் என்னும் புகழ்வாய்ந்த பாடசாலைக்கு அவர் சேர வேண்டிய நாளிலே நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம், புகைவண்டி ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் சவுதாம்ரன் துறையிலிருந்து ஏறத்தாழ அறுபது மைல் தூரத்தைச் சைக்கிளில் மிதித்து, இடையிலே ஒரு விடுதியில் இரவு தங்கிப் பாடசாலையைச் சென்றடைந்தார். அத்துணை ஆர்வத்தோடு வந்தவரைப் பாடசாலை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை எழுத எமக்கு நாணமாகவே இருக்கின்றது. இலத்தீன் முதலிய மொழிகளுக்கும் விளையாட்டுக்கும் முதலிடம் தந்த அக்கல்விமுறையிலே, கணிதத்திலும் இரசாயனத்திலும் தானே வழிதேடிச் சென்ற மாணவர் குழப்பக்காரராகக் காணப்பட்டார். கையெழுத்து அலங்கோலம், மை சிந்திய தாள்கள், ஆங்கிலத்திலே கீழ்நிலை. விஞ்ஞானம் ஒன்றிலேயே நாட்டமாயின் இவன் இத்தகைய பாடசாலையில் காலத்தை வீணாக்குகின்றான் என்னும் கருத்துப்பட அதிபர் அறிக்கை எழுதினார். ஆண்டிறுதியிலே முன்னேற்ற அறிக்கைகள் எழுதும் ஆசிரியர்களாகிய யாம் அனைவரும் இப்பகுதியை இருமுறை படித்தல் தகும்.

அவரை அங்கு அறிந்துகொண்டவன் ஒரு மாணவனே. கிறிஸ்ரோபர் மோர்க்கம் என்னும் அத்தோழன் வானியலிலும் கணிதத்திலும் ரூறிங்குக்கு நிகரானவன். ஒழுங்கிலே அவரினும் மேம்பட்டவன். 1930 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 இல் காசநோய் அவனைக் கொண்டுசென்றது. உடல் அழிந்தபின் ஒருவனுடைய மனம் எங்கே போகின்றது, மனம் என்பதுதான் யாது என்னும் சிந்தனை இளைஞரைப் பற்றிக்கொண்டது. அவர் தோழனின் தாயாருக்கு எழுதிய கடிதங்களிலே இச்சிந்தனை வெளிப்படுகின்றது. பின்னாளிலே பொறிக்கு மனம் உண்டா என்று ஆராய்ந்தவர், அதற்கு முன்பு இறந்த நண்பனின் மனத்தைத் தேடியவர் என்பதனை யாம் மறத்தலாகாது.

1931 இல் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1934 இல் முதல் வகுப்பிலே தேறி, இருபத்திரண்டாம் வயதிலே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். 1935 இல், நெடுந்தூரம் ஓடிக் களைத்து ஒரு புல்வெளியிற் படுத்திருந்த வேளையிலே உதித்த எண்ணமே அவரை உலகறியச் செய்தது. அக்காலத்திலே கம்பியூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் கணக்குச் செய்யும் ஆளையே குறித்தது. ரூறிங் அவ்வாளை உற்று நோக்கினார். சதுரக் கோடிட்ட கொப்பியிலே ஒரு கணக்கப்பிள்ளை என்ன செய்கின்றார்? ஒரு கட்டத்தைப் பார்க்கின்றார். அதில் உள்ள குறியையும், தாம் நிற்கும் நிலையையும், கற்ற விதியையும் கொண்டு அக்குறியை மாற்றுகின்றார் அல்லது விட்டுவிடுகின்றார். அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றார். இவ்வளவே. இச்சிறு செய்கைகளை மாத்திரம் செய்யும் பொறி ஒன்றை அவர் மனத்தகத்தே அமைத்தார். முடிவில்லாத ஒரு நாடா, அதன் கட்டங்களைப் படிக்கும் ஒரு தலை, ஒரு விதிப்பட்டியல் என்பனவே அதன் உறுப்புக்கள். விதிப்பட்டியலையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்தால், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யும் என்றும் நிறுவினார். இன்று ஒரே கைத்தொலைபேசி கடிதமும் எழுதிக் கணக்கும் பார்த்துப் படமும் காட்டுவது இவ்வுண்மையினாலேயாம். 1936 இல் வெளியான அக்கட்டுரை பொறியின் எல்லையையும் வகுத்தது. எப்பொறியைக் கொடுத்தாலும் அதன் வேலை முடியுமா முடியாதா என்று முன்னறிந்து கூறவல்ல பொறி ஒன்று இருத்தல் இயலாது என்பதும் அதனாற் பெறப்பட்டது. அமெரிக்க அறிஞர் அலன்சோ சேர்ச் வேறு வழியால் இத்தகைய முடிவைச் சிறிது முன்னரே கண்டிருந்தார். அவரிடமே பிறின்ஸ்ரனில் ஆய்வு செய்து 1938 இல் கலாநிதிப் பட்டம் பெற்று ரூறிங் நாடு திரும்பினார்.

செர்மனி மீது பிரித்தானியா போர் அறிவித்த மறுநாள், 1939 செப்ரெம்பர் 4 இல், பிளெச்லிப் பார்க் என்னும் மாளிகையில் இரகசிய எழுத்து ஆய்வுப் பணிக்குச் சமுகமளித்தார். செர்மானியரின் எனிக்மா என்னும் எழுத்துமாற்றிப் பொறியிலே ஓரெழுத்தை அழுத்தினால், சுழலும் சில்லுகளின் வழியாக மின் பாய்ந்து வேறோர் எழுத்து ஒளிரும். ஐந்து சில்லுகளில் மூன்றை எடுத்து வைக்கும் வகை 60. ஒவ்வொன்றிலும் தொடக்க நிலை 17,576. ஆகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நிலைகள். கம்பிப் பலகையின் மாற்றங்களோ இவற்றின் மேலும் பெருகும். ஆயினும் அப்பொறிக்கு ஒரு குறை உண்டு. எவ்வெழுத்தும் தானாக ஒருபோதும் ஒளிராது. காலநிலை அறிக்கை போன்ற வாய்பாடான செய்திகளிலே வரக்கூடிய சொல்லை ஊகித்து, மறைமொழியின் கீழ் வைத்து, ஓரெழுத்தேனும் ஒத்து நின்றால் அவ்விடத்தைத் தள்ளி, எஞ்சியதைக் கொண்டு முரண்பாடான நிலைகளையெல்லாம் கழித்துக்கொண்டே செல்லும் ஒரு பொறியை ரூறிங் வகுத்தார். போலந்து நாட்டறிஞர் முன்னர்ச் செய்த பொறியும் அவர்கள் 1939 யூலையில் மனமுவந்து பகிர்ந்த அறிவும் இதற்கு வழிகாட்டின. கோடன் வெல்ச்மன் என்பாரின் திருத்தம் இதனை விரைவாக்கிற்று. பொம் எனப்பட்ட அப்பொறி ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. முதலாவது 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. போர் முடியுமுன் இருநூறுக்கு மேற்பட்டன இயங்கின. அவற்றை இரவு பகலாக இயக்கியவர் பெரும்பாலும் கடற்படைச் சேவையிற் சேர்ந்த இளம் பெண்கள். கடற்படை எனிக்மாவை அவிழ்க்கும் எட்டாம் குடிசைக்கு ரூறிங்கே தலைவர். ஆட்பற்றாக்குறையால் வேலை தடைப்பட்டபோது, 1941 ஒக்ரோபரில் அவரும் தோழர் மூவரும் மேலதிகாரிகளைக் கடந்து பிரதமர் சேர்ச்சிலுக்கே நேரிற் கடிதம் விடுத்தனர். சேர்ச்சில் தாமதமின்றி ஆவன செய்வித்தார்.

இத்தனை பெரும் பணியைச் செய்தவர் பழகுதற்குச் சிறிது விசித்திரமானவர். தயங்கித் தயங்கிப் பேசுவார். வைக்கோற் காய்ச்சலுக்கு அஞ்சி நச்சுவாயு முகமூடி அணிந்து சைக்கிளில் வருவார். சைக்கிளின் சங்கிலி இத்தனை சுற்றுக்கொருமுறை கழலும் என்று எண்ணி வைத்துக்கொண்டு அத்தருணத்தில் இறங்கிச் சரிசெய்வாரேயன்றிப் புதுச் சங்கிலி வாங்கார். தேநீர்க் கோப்பையைச் சுடுநீர்க் குழாயோடு சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்தார். நெடுந்தூர ஓட்டத்திலோ வல்லவர்; 1947 இல் மரதன் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடம் 3 செக்கனில் ஓடி முடித்தார். போர்ப் பணியைப் பற்றி வாய் திறக்கலாகாது என்பது அரச கட்டளை. 1970 களின் நடுப்பகுதி வரை அது வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1959 இல் மகனின் சரிதத்தை எழுதி வெளியிட்ட தாயாரும் அதனை விரித்தெழுத இயலவில்லை.

போரின் பின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே ஒரு மின்கணினிக்குத் திட்டம் தீட்டினார். வேலை இழுபட்டது. சிந்திக்கும் பொறிகளைப் பற்றி 1948 இல் அவர் எழுதிய அறிக்கையை ஆய்வுகூடத் தலைவர் பள்ளிச் சிறுவனின் கட்டுரை என்று தள்ளிவிட்டார். அவ்வாண்டிலேயே மன்செஸ்ரர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்த கணினிக்கு நியதியின்றி எண்களைப் பிறப்பிக்கும் ஓர் உறுப்பும் வேண்டும் என்று கேட்டு வைப்பித்தவர் அவரே. அவ்வுறுப்பைக் கொண்டு கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி என்பார் 1952 இல் ஒரு வேடிக்கை செய்தார். சொற்பட்டியலிலிருந்து சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கோத்துக் காதற் கடிதங்களை அக்கணினி எழுதிற்று. பல்கலைக்கழகக் கணினியின் பெயரெழுத்துக்களே அவற்றின் அடியிற் கையொப்பம். எம் மாணவனின் கட்டுரைக்கு மூதாதை அக்கடிதங்கள் என்று சொல்லலாம். காதல் மாத்திரம் அக்கணினிக்கு இருக்கவில்லை.

1950 ஒக்ரோபரில் மைண்ட் என்னும் தத்துவ சஞ்சிகையிலே ரூறிங்கின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. பொறி சிந்திக்குமா என்று கேட்டு, சிந்தனைக்கு வரைவிலக்கணம் தேடி வாதிடுவதை அவர் ஒதுக்கினார். அதற்கு ஈடாக ஒரு விளையாட்டை முன்வைத்தார். வினவுவோர் ஓர் அறையில். மறு அறைகளிலே ஒரு மனிதரும் ஒரு பொறியும். குரலும் முகமும் காட்டிக்கொடாதபடி வினாவிடை யாவும் தட்டச்சிலேயே நடைபெறும். எது பொறி என்று வினவுவோர் துணிய வேண்டும். ஐம்பது ஆண்டளவில், ஐந்து நிமிட உரையாடலின் பின் சராசரி மனிதர் சரியாகத் துணியும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதைத் தாண்டாது என்பது அவர் கணிப்பு. அழகுப் போட்டியிலே பொறி தோற்பதும் விமானத்தோடு ஓடி மனிதன் தோற்பதும் இங்குப் பொருளல்ல என்று கருதினார். உடம்பை மறைத்துவிட்டுச் சொல்லை மாத்திரம் கொண்டு தீர்ப்பதே நியாயம் என்பது அதன் உட்கிடை.

அக்கட்டுரையிலே ஆசிரியர்க்கு உவப்பான ஒரு பகுதி உண்டு. வளர்ந்தவரின் மனத்தைப் பொறியில் அமைக்க முயல்வதிலும், குழந்தையின் மனத்தை ஒத்த பொறியை அமைத்து அதற்குக் கல்வி புகட்டுவதே எளிது என்றும், பரிசும் தண்டனையும் அக்கல்விக்குக் கருவியாகும் என்றும் எழுதினார். இன்றைய மொழிப் பொறிகள் பெருந்தொகையான நூல்களைப் படிப்பித்தும், நல்ல விடைக்கு வெகுமதிப் புள்ளி அளித்தும் பயிற்றப்படுவது ஏறக்குறைய இவ்வழியிலேயே. அத்தகைய பொறியின் ஆசிரியர் அதனுள்ளே என்ன நடக்கின்றது என்பதைப் பெரிதும் அறியாதிருப்பார் என்றும் ரூறிங் குறித்தார். மனிதப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

சொல்லைக் கொண்டு தீர்க்க வேண்டும் என்ற அவரையே உலகம் வேறு முறையில் தீர்த்தது. ஆண்பாலாரிடத்தே காதல் கொள்ளும் இயல்பு அவருக்கு இருந்தது. நெருங்கியோரிடம் அதனை அவர் மறைத்ததில்லை. 1941 இல் உடன் பணியாற்றிய யோன் கிளாக் அம்மையாரோடு திருமணம் நிச்சயிக்கப்பட்டபோதும் அவரிடம் உண்மையைக் கூறினார், அம்மணம் நிகழவில்லை. 1952 தொடக்கத்திலே தம் வீட்டில் நிகழ்ந்த களவைப் பொலிசாரிடம் முறையிடச் சென்றவர், விசாரணையில் தம் உறவையும் கரவின்றிச் சொல்லிவிட்டார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். ஆங்கிலேயர் 1883 இல் இலங்கைக்கு வகுத்த தண்டனைச் சட்டக் கோவையிலும் அவ்வினத்துப் பிரிவு ஒன்று இடம்பெற்றது. 1952 மார்ச் 31 இல் வழக்கு; சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஓமோன் மருந்தேற்றத்துக்கு உடன்பட்டார். இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டைக் காத்தவர் என்பதை நீதிமன்றத்திலே எடுத்துரைக்கவும் இரகசியக் கட்டளை இடந்தரவில்லை. இந்நிலையிலும் உயிரினங்களின் உடலிலே வரியும் புள்ளியும் தோன்றும் வகையைக் கணிதத்தால் விளக்கும் அரிய கட்டுரையை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். 1954 யூன் 7 இல் நாற்பத்தோராம் வயதில் சயனைட்டு நஞ்சினால் இறந்தார். பாதி கடித்த அப்பிள் பழம் ஒன்று படுக்கையருகே கிடந்தது. தற்கொலை என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வீட்டிலே செய்த இரசாயனப் பரிசோதனையால் நேர்ந்த விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். 2009 இல் பிரித்தானியப் பிரதமர் கோடன் பிறவுன் அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார்; 2013 இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார்; 2021 முதல் ஐம்பது பவுண் தாளிலே அவர் திருவுருவம் விளங்குகின்றது.

அவர் மறைந்து பன்னிரண்டாம் ஆண்டிலே, 1966 இல், யோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் எலைசா என்ற உரையாடும் மென்பொருளை வெளியிட்டார். சொன்னதையே சிறிது மாற்றி வினாவாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவாவதைக் கண்ணாரக் கண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனித்துப் பேச வேண்டும் என்று பேராசிரியரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். பொறி மனிதரை ஏமாற்றும் நாளை ரூறிங் கணித்தார். மனிதர் தாமே ஏமாற இத்துணை ஆயத்தமாய் இருப்பர் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. இவ்வொன்றிலே அவர் கணக்குக் குறைபட்டது என்பது எமது கருத்து. 2022 நவம்பரில் சட் ஜி.பி.ரி. வெளியானபின் உலகம் மாறிய கதையை மாணவர் எம்மினும் நன்கறிவர். 2025 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர் நடத்திய ஐந்து நிமிடச் சோதனையிலே, மனிதரைப் போல் நடிக்குமாறு பணிக்கப்பட்ட ஒரு மொழிப் பொறி நூற்றுக்கு 73 தடவை மனிதன் என்று தீர்க்கப்பட்டது. எதிரே அமர்ந்த மெய்யான மனிதர்க்குக் கிடைத்தது அதனினும் குறைவு.

வலைத்தளங்களிலே விண்ணப்பம் அனுப்பும்போது, நீர் பொறியல்லர் என்று காட்டும் என்று கூறிக் கோணல் எழுத்துக்களையோ வீதி விளக்குப் படங்களையோ முன்வைக்கும் கப்சாச் சோதனையை யாவரும் அறிவர். அப்பெயரின் ஆங்கில விரிவிலே ரூறிங்கின் பெயர் அடங்கியுள்ளது. ரூறிங் வகுத்த சோதனையில் வினவுவோர் மனிதர். இங்கு வினவுவது பொறி, விடையிறுத்துத் தன்னை நிறுவ வேண்டியவன் மனிதன்.

எம் மாணவனுக்குத் தரவேண்டிய விடை எஞ்சி நின்றது. 1950 ஆம் ஆண்டுக் கட்டுரையிலே ரூறிங் மாதிரிக்காக அமைத்த உரையாடலில் 34957 ஐயும் 70764 ஐயும் கூட்டும்படி ஒரு வினா வருகின்றது. அரை நிமிடம் சென்றபின் கிடைக்கும் விடை 105621. நூறாம் இடத்திலே ஒன்று குறைவு. மனிதனாகத் தோன்ற விரும்பும் பொறி கணக்கிலே வேண்டுமென்றே பிழை விடும் என்பதையும் அவர் அக்கட்டுரையிலேயே விளக்கியிருக்கின்றார். ளகர ழகரம் பற்றி யாம் சொன்ன விடையை அவர் 1950 இலேயே கண்டுவைத்து, அதற்கு மாற்றும் கண்டுவைத்திருந்தார். இதனைக் கூறி அவனைக் கல்லூரிக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று, அதே சட்பொட்டிடம் அக்கணக்கைக் கொடுக்கச் செய்தோம். 105721 என்று இமைப்பொழுதிலே சரியான விடை வந்தது. பின்னர் ஒரு தாளைக் கொடுத்து அவனையும் கூட்டச் சொன்னோம். பேனாவைக் கடித்துக்கொண்டு இருமுறை சரிபார்த்தான். அரை நிமிடத்துக்குச் சற்று மேலே சென்றது.